வெளிநாட்டில் தண்ணீர் ஏன் ஒத்துக்கொள்வதில்லை? பயணிகளுக்கான குடிநீர் விளக்கம்

வெளிநாடு போய்த் திரும்பியவர்களிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால், பலரும் சொல்லும் ஒரு பதில் உண்டு: "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை." தண்ணீருக்கும் உடம்புக்கும் ஏதோ பொருத்தம் இல்லாமல் போனதுபோலவும், அதற்கு யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்பதுபோலவும் இந்தப் பேச்சு ஒலிக்கிறது. அதில் துளி உண்மை இருக்கிறது. மக்னீசியம், சல்பேட் போன்ற உப்புகள் மிகுந்த நிலத்தடி நீரைப் பழக்கமில்லாதவர் குடித்தால் ஓரிரு நாள் வயிறு இளகிப் போகலாம். சல்பேட்டின் அளவு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும்போது இந்த விளைவு தெரியத் தொடங்கும். ஆனால் பயணிகளைப் படுக்கையில் தள்ளும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் உப்பு காரணமில்லை. மனித மலத்திலிருந்தோ கால்நடைச் சாணத்திலிருந்தோ புறப்பட்ட கிருமி, தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ கை வழியாகவோ வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதே நேரான விளக்கம். கேட்க அருவருப்பாக இருந்தாலும் இதை இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. பொருத்தமின்மைக்கு மருந்து கிடையாது, கிருமி வரும் வழியை அடைக்க முடியும்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் தரும் மதிப்பீட்டின்படி, போகும் இடத்தையும் பருவத்தையும் பொறுத்து, இரண்டு வாரப் பயணத்தில் நூற்றுக்கு 30 முதல் 70 பேர் வரை வயிற்றுப்போக்குக்கு ஆளாகிறார்கள். இந்த நோயில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு பாக்டீரியாவால் வருவது. குடலில் நச்சைச் சுரக்கும் ஒரு வகை ஈ.கோலை முதலிடத்தில் நிற்கிறது. கேம்பிலோபாக்டர், ஷிகெல்லா, சால்மொனெல்லா ஆகியவை அடுத்து வருகின்றன. நோரோவைரஸ் போன்ற வைரஸ்களும், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம், சீதபேதி அமீபா போன்ற ஒற்றைச் செல் உயிரிகளும் மீதிப் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்த மூன்று கூட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பாக்டீரியா, வைரஸ், ஒற்றைச் செல் உயிரி என்ற பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். ஏனென்றால் தண்ணீரைத் தூய்மைப்படுத்தும் வழிகளில் பல இந்த மூன்றில் ஒன்றிடமோ இரண்டிடமோ தோற்றுப்போகின்றன.

"அந்த ஊர்க்காரர்கள் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே" என்று கேட்பது இயல்பு. ஒன்றும் ஆவதில்லை என்பது சரியில்லை. பாதுகாப்பற்ற நீர் புழங்கும் இடங்களில் அதற்கான விலையை முதலில் கொடுப்பவர்கள் அங்குள்ள குழந்தைகளே. அந்தக் கட்டத்தைக் கடந்து வளர்ந்தவர்களின் குடல், ஈ.கோலை போன்ற சில கிருமிகளைத் திரும்பத் திரும்பச் சந்தித்து ஓரளவு எதிர்ப்பாற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த ஆற்றல் நிரந்தரச் சொத்தும் அன்று. பல ஆண்டுகள் வேறொரு நாட்டில் வாழ்ந்துவிட்டுப் பிறந்த நாட்டுக்கு விடுமுறையில் போகிறவர்கள், சிறுவயதில் குடித்து வளர்ந்த தண்ணீர்தானே என்ற நம்பிக்கையில் எந்த முன்னேற்பாடும் செய்வதில்லை; உறவினர் வீட்டில் கொடுப்பதை மறுக்கவும் மனம் வருவதில்லை. டைபாய்டு போன்ற நோய்கள் சுற்றுலாப் பயணிகளைவிட இவர்களையே அதிகம் தாக்குவதற்கு இவையே காரணங்கள். கூடவே செல்லும் குழந்தை அந்நாட்டில் பிறக்கவே இல்லை என்பதையும், அதன் குடலுக்கு அந்தக் கிருமிகள் முற்றிலும் புதியவை என்பதையும் பெற்றோர் மறந்துவிடக்கூடாது.

வயிற்றிலுள்ள அமிலம் இன்னொரு காவல். உள்ளே வரும் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே மடிகிறது. நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் எடுத்துக்கொள்கிறவர்களிடம் இந்தக் காவல் தளர்ந்திருக்கும் என்பதால், அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஷிகெல்லா, ஜியார்டியா போன்றவற்றுக்கோ இந்தக் காவலைக் கடப்பது பெரிய வேலையே இல்லை; சில பத்து உயிரிகள் உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கும் ஒரு மிடறு நீர் எதற்கு ஆபத்து என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

தண்ணீர் எங்கே கெடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்வது எளிது. பெரும்பாலான பெருநகரங்களில் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும்போது நீர் குடிக்கத் தக்கதாகவே இருக்கிறது. அது பயணியின் கோப்பையை அடைவதற்குள் பல கிலோமீட்டர் குழாய், கட்டடத்தின் கீழ்த்தொட்டி, மேல்தொட்டி, பிறகு ஒரு குடுவை, ஒரு டம்ளர் என்று வெகுதூரம் கடக்க வேண்டியிருக்கிறது. குழாயில் இரவும் பகலும் நீர் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமே தவிர வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. நாளுக்குச் சில மணி நேரம் மட்டுமே நீர் விடப்படும் ஊரில் நிலைமை தலைகீழ். நீர் நின்றதும் குழாய் வெறுமையாகி, அதே விரிசல் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தையும், பக்கத்தில் ஓடும் கழிவுநீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுநாள் நீர் திறக்கப்பட்டவுடன் முதலில் வருவது இந்தக் கலவைதான். ஆகவே ஒரு புதிய ஊரில் தங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கே குழாய் நீரைக் குடிக்கலாமா" என்பதைவிட, "இங்கே நாள் முழுவதும் நீர் வருகிறதா, நேரம் வைத்து விடுகிறார்களா" என்பதாக இருந்தால் நல்லது. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு ஒரே பதில்தான் கிடைக்கும்.

வழியில் சேரும் கிருமிகளைச் சமாளிப்பதற்காகத்தான் நீரில் சிறிதளவு குளோரினை மிச்சம் விட்டு அனுப்புகிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குழாய் நீரில் லேசான குளோரின் வாடை அடித்தால் பலர் முகம் சுளிக்கிறார்கள். பயணத்தில் இருப்பவர் அந்த வாடையை ஓரளவு ஆறுதலாகவே எடுத்துக்கொள்ளலாம். வாடை இல்லாததாலேயே நீர் மோசம் என்று முடிவுகட்டவும் கூடாது: நெதர்லாந்தில் எஞ்சிய குளோரின் இல்லாமலேயே நீரை வழங்குகிறார்கள், மூல நீரின் தூய்மையும் குழாய்களின் பராமரிப்பும் அங்கே அந்த வேலையைச் செய்கின்றன.

நிறமும் மணமும் சுவையும் எதையும் நிரூபிப்பதில்லை. 1854-இல் லண்டனின் பிராட் தெருக் கைப்பம்பிலிருந்து காலரா பரவியதை மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்த வரலாறு பலர் அறிந்ததே. அதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. நோய் எட்டிப் பார்க்காத ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, பிராட் தெரு நீரின் சுவை பிடித்துப்போனதால் அதைத் தொலைவிலிருந்து வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். அந்த நீராலேயே காலரா கண்டு இறந்தார். அந்தக் கிணற்றை ஒட்டிய வீட்டின் கழிவுக் குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர்தான் தெரியவந்தது. கண்ணாடிபோல் தெளிந்த மலை ஓடையைப் பார்த்து உள்ளங்கை குவிக்கும் பயணிகளுக்காக இந்தச் செய்தியை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடைக்கு மேலே எந்த மந்தை மேய்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

எந்தெந்த நாட்டில் குழாய் நீரைக் குடிக்கலாம் என்று பச்சையும் சிவப்புமாக வண்ணம் பூசிய வரைபடங்கள் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. பொதுவான திசைகாட்டியாக அவை பயன்படும். ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் சுவிட்சர்லாந்திலும் குழாயைத் திறந்து குடிக்கலாம். ரோம் நகரத் தெருக்களில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 'நாசோனி' எனப்படும் இரும்புக் குழாய்களிலும், சூரிச் நகரில் உள்ள 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றிலும் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாட்டுக்கு ஒரே நிறத்தைப் பூசுவது எவ்வளவு மேலோட்டமானது என்பதைச் சில நிகழ்வுகள் காட்டுகின்றன. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முறையாகக் குளோரின் கலந்து வழங்கப்பட்ட நீரிலிருந்தே கிரிப்டோஸ்போரிடியம் பரவி ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டனில் பெருமழையில் சாணம் கலந்த கிணற்று நீரால் 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் நோயுற்றார்கள். 2007-இல் பின்லாந்தின் நோக்கியா நகரில் கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளியேறிய நீர் தவறான இணைப்பு வழியாகக் குடிநீர்க் குழாயில் கலந்து ஆயிரக்கணக்கானோரைப் படுக்கவைத்தது. 2016-இல் நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் ஊரில் குளோரின் கலக்காத நிலத்தடி நீரால் 5,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். இந்த நாடுகள் நான்குமே வரைபடத்தில் பச்சை நிறம் கொண்டவை.

இதைப் படித்துவிட்டு வளர்ந்த நாடுகளிலும் குழாயைத் தொடமாட்டேன் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். அங்கே இத்தகைய விபத்துகள் அரியவை. நடந்தால் பொது அறிவிப்பு வரும். பயணி செய்ய வேண்டியது, அந்த அறிவிப்பைத் தவறவிடாமல் இருப்பதும், அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்வதும்தான். "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்பது ஒரு வகை அறிவிப்பு. "குடிக்காதீர்கள்" என்பது இன்னொரு வகை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஏரியில் படர்ந்த பாசியின் நச்சு குடிநீரில் கலந்தபோது, சில லட்சம் மக்களுக்கு "குடிக்கவும் வேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்தது. கொதிக்கவைத்தால் அந்த நச்சு அழியாது. நீர் ஆவியாகக் குறையும்போது அது இன்னும் செறிவாகும். மொழி தெரியாத நாட்டில் தங்கும் விடுதியின் கதவில் ஒட்டியிருக்கும் தாள் இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை. ரயில் கழிப்பறைகளிலும் பூங்காக் குழாய்களிலும் எழுதியிருக்கும் சொற்களும் அப்படித்தான்: பிரெஞ்சில் 'ஓ நோன் பொத்தாப்ள்', ஜெர்மனில் 'கைன் ட்ரிங்க்வாஸர்', ஸ்பானியத்தில் 'ஆகுவா நோ பொத்தாப்லே' என்றால் அது குடிநீர் அன்று.

குழாய் நீரை நம்ப முடியாத இடத்தில் பெரும்பாலோர் நம்புவது குப்பி நீரை. அதில் தவறில்லை, ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் குப்பியின் மேல் ஒட்டிய தாளில் இல்லை, மூடியில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் மூடியின் கீழ் விளிம்பில் ஒரு வளையம் உண்டு. மூடியையும் அதையும் மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் இணைத்திருக்கும். முதல் முறை திருகும்போது அந்த இழைகள் வரிசையாக அறுபட்டு, விரலுக்கு ஒரு பிடிப்பும் காதுக்கு ஒரு 'டக்' ஒலியும் வர வேண்டும். மூடி நெய் தடவியதுபோல் வழுக்கித் திறந்தால், வளையம் ஏற்கெனவே தளர்ந்து கழுத்தில் தொங்கினால், அந்தக் குப்பியைக் குடிக்காமல் வைத்துவிடுவதே சரி. பழைய குப்பியைப் பொறுக்கிக் குழாய் நீரை நிரப்பி, மேலே சுருங்கும் பிளாஸ்டிக் உறையை மாட்டி விற்பவர்கள் உண்டு என்பதால், உறை மட்டும் இருப்பது போதிய சான்றாகாது. குப்பியைக் கவிழ்த்து லேசாக அழுத்திப் பார்த்தால், அடியில் துளையிட்டு ஒட்டியிருந்தாலும் தெரிந்துவிடும். வாயு நிரப்பிய சோடா நீருக்கு இங்கே ஒரு கூடுதல் பலம்: நுரை பொங்கும் அழுத்தத்தோடு அதை மறுபடி நிரப்புவது தெருவோரத்தில் நடக்கிற காரியமில்லை, அதன் லேசான அமிலத் தன்மையும் கிருமிகளுக்குச் சாதகமானதன்று. உணவகத்தில் குப்பியை மேசைக்குக் கொண்டுவந்து நம் கண்முன் திறக்கச் சொல்வது அவமரியாதையாகாது.

நல்ல நீரை வாங்கிவிட்டு அதைக் கெட்ட நீரோடு சேர்த்துக் குடிப்பது பயணிகள் அடிக்கடி செய்யும் பிழை. விடுதி அறையில் கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரைக் குழாயில் அலசி, உள்ளே சொட்டுகள் உருண்டுகொண்டிருக்கும்போதே குப்பி நீரை ஊற்றினால், குப்பிக்குக் கொடுத்த பணம் வீண். ஐஸ் கட்டி இதைவிட மோசம். உறைய வைப்பது கிருமியைக் கொல்வதில்லை, பாதுகாத்து வைக்கிறது. கட்டி உருகும்போது அது எந்த நீரில் செய்யப்பட்டதோ அந்த நீரையே குடிக்கிறோம். மதுவில் போட்டால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. ஒரு கோப்பை மதுபானத்தில் உள்ள ஆல்கஹாலின் செறிவு அதற்குப் போதாது. நீர் சேர்த்துப் பிழிந்த பழச்சாறு, குழாய் நீரில் கழுவிய கீரை, வெள்ளரி, தக்காளி ஆகியவையும் அதே கணக்கில் வரும். நம் கையால் தோலுரித்த பழமும், ஆவி பறக்க ஊற்றிய தேநீரும் அந்தக் கணக்கில் வாரா.

விமானத்தில் கொடுக்கும் நீரைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். மூடியிட்ட குப்பியிலிருந்து ஊற்றுவது வேறு, விமானத் தொட்டியிலிருந்து வருவது வேறு. தொட்டி வெவ்வேறு நாடுகளில் நிரப்பப்படுகிறது. அதைக் கழுவுவதற்கும் சோதிப்பதற்கும் அமெரிக்கா 2009-இல் தனி விதிகளையே வகுத்தது என்பதிலிருந்து பிரச்சினையின் தன்மையை ஊகிக்கலாம். கழிப்பறைக் குழாயில் கை கழுவலாம். குடிக்கவும் பல் துலக்கவும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

இனி நீரை நாமே தூய்மைப்படுத்திக்கொள்ளும் வழிகள். இவற்றில் இன்னும் மிஞ்சமுடியாதது கொதிக்கவைப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. பாக்டீரியா, வைரஸ், ஒற்றைச் செல் உயிரி மூன்றையும் ஒருசேரக் கொல்லும் முறை இது. கலங்கல் நீரிலும் வேலை செய்யும். தோற்றுப்போனால் கண்ணுக்குத் தெரியும். நீர் முழுவதும் புரண்டு கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். 10 நிமிடம், 20 நிமிடம் கொதிக்கவிடுவது எரிபொருள் விரயம். குடலைத் தாக்கும் கிருமிகள் 70 டிகிரி செல்சியஸிலேயே சுமார் ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் மடிந்துவிடும். நீர் கொதிக்கும் நிலையை எட்டுவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். உயரம் கூடக்கூடக் கொதிநிலை குறையும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 5,000 மீட்டர் உயரத்தில் நீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவும் போதுமான சூடுதான். ஆயினும் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்வது பாதுகாப்புக்கான கூடுதல் இடைவெளி.

விடுதி அறையில் இருக்கும் மின்கெட்டில் இதற்குப் போதும். முதலில் ஒரு கெட்டில் நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி குளிர்நீர்க் குழாயிலிருந்து நிரப்பி, அது தானாக அணையும்வரை விட்டு, மூடியைத் திறக்காமலேயே ஆறவிட வேண்டும். வெந்நீர்க் குழாயிலிருந்து நிரப்பினால் சீக்கிரம் கொதிக்குமே என்று தோன்றும். அதைச் செய்யக்கூடாது, சூடான நீர் பழைய குழாய்களிலிருந்து ஈயத்தை அதிகமாகக் கரைத்து வருகிறது, வெந்நீர்த் தொட்டியில் நாள்கணக்கில் தங்கியும் இருக்கிறது. ஆறிய நீரை ஊற்றிவைக்கும் குப்பி சோப்புப் போட்டுக் கழுவி, அதே கொதிநீரில் அலசி எடுத்ததாக இருக்க வேண்டும். கொதித்த நீரில் குளோரின்போல் எஞ்சி நின்று காக்கும் பொருள் எதுவும் கிடையாது. ஒரு விரல் பட்டாலும் அது மீண்டும் சாதாரண நீராகிவிடும். குப்பிக்குள் விரலையோ கரண்டியையோ விடாமல் சாய்த்து ஊற்றுவது என்ற ஒரே பழக்கம் பாதிப் பாதுகாப்பைத் தந்துவிடும்.

அடுப்பும் மின்சாரமும் இல்லாத இடத்தில் மாத்திரை உதவும். குளோரின் மாத்திரையைத் தெளிந்த நீரில் போட்டு 30 நிமிடம் காத்திருந்தால் பாக்டீரியாவும் வைரஸும் அழியும்; நீர் மிகக் குளிர்ந்திருந்தால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும், கலங்கியிருந்தால் முதலில் தெளியவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும், ஏனெனில் கலங்கலிலுள்ள அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். ஜியார்டியாவை அழிக்க இதைவிட நீண்ட நேரம் தேவை. கிரிப்டோஸ்போரிடியமோ தடித்த உறைக்குள் இருப்பதால் குளோரினைப் பொருட்படுத்துவதே இல்லை. மில்வாக்கியில் நடந்தது அதுதான். குளோரின் டை ஆக்சைடு என்ற வேறொரு வகை மாத்திரை அதன்மீதும் வேலை செய்யும், ஆனால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அயோடின் மாத்திரை கருவுற்ற பெண்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. மற்றவர்களும் சில வாரங்களுக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. மாத்திரை போட்ட நீரின் வாடை பிடிக்காமல் குழந்தைகளுக்காக அதில் பழச்சாற்றுத் தூளைக் கலப்பவர்கள், காத்திருக்கும் நேரம் முடிந்த பிறகே கலக்க வேண்டும். தூளிலுள்ள வைட்டமின் சி குளோரினையும் அயோடினையும் உடனே செயலிழக்கச் செய்துவிடும்.

வடிகட்டிகளைப் புரிந்துகொள்ள அளவுகளைப் பார்த்தாலே போதும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜியார்டியாவின் உறை 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான், பாக்டீரியா பெரும்பாலும் அரை மைக்ரானுக்கு மேல், ஹெபடைட்டிஸ்-ஏ வைரஸ் 0.03 மைக்ரான்கூட இல்லை. மலையேறிகள் எடுத்துச்செல்லும் வடிகட்டியின் துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான், ஆகவே அது முதல் மூன்றையும் நிறுத்தும், வைரஸை விட்டுவிடும். மக்கள் அரிதாக வாழும் மலைக்காட்டில் இது போதுமானது. மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள ஊரிலோ, வடிகட்டிய பிறகு மாத்திரையும் போட வேண்டும். வடிகட்டி கிரிப்டோஸ்போரிடியத்தைப் பிடிக்கும், மாத்திரை வைரஸை அழிக்கும், ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நுண்குழல் இழைகளால் ஆன வடிகட்டியை ஒருமுறை நனைத்துவிட்டால் பிறகு அது உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறையும் நீர் இழைகளுக்குள் விரிந்து அவற்றைக் கிழித்துவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது, நீரும் தடையின்றி வரும், பாதுகாப்பு மட்டும் போயிருக்கும். பனி விழும் இடங்களில் இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். மேசைமேல் வைக்கும் கரி வடிகட்டிக் குடுவை சுவையையும் வாடையையும் சீராக்குவதற்கு மட்டுமே. கிருமிக்கு அது தடையாகாது.

புற ஊதாக் கதிர் பாய்ச்சும் பேனா வடிவக் கருவி மூன்று வகைக் கிருமிகளையும் செயலிழக்கச் செய்யும். நீர் தெளிவாக இருக்க வேண்டும், மின்கலம் தீரக்கூடாது, குப்பியின் கழுத்திலும் மூடியிலும் ஒட்டிய சொட்டுகளில் கதிர் படாது என்பதால் அவற்றைத் துடைத்துவிட வேண்டும். எதுவுமே கைவசம் இல்லாதபோது, நிறமற்ற பிளாஸ்டிக் குப்பியில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தலாம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். இந்த முறையை 1980-களின் தொடக்கத்தில் பெய்ரூத்தில் அஃப்தீம் அக்ராவின் குழுவினர் ஆராய்ந்து வெளியிட்டார்கள். இன்றும் பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது.

எந்தக் கருவியை வாங்கினாலும் அதன் பெட்டியில் "99.99 சதவீதம்" என்று எழுதியிருக்கும். பத்து லட்சம் கிருமிகளில் நூறு மிஞ்சும் என்பதே அதன் பொருள். நூறு ஈ.கோலை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நூறு ஷிகெல்லா நோயைத் தரும். எந்தக் கிருமியில் 99.99 என்பதைப் பெட்டி சொல்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். "கிருமிகள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் அது பாக்டீரியாவை மட்டுமே குறிக்கும்.

ஆர்சனிக், ஃபுளோரைடு, ஈயம், நைட்ரேட் ஆகிய வேதிப்பொருள்களைக் கொதிக்கவைத்தோ மாத்திரை போட்டோ அகற்ற முடியாது. ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடுக்கு 1.5 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் அளவுகள் ஆயுள் முழுவதும் அந்த நீரைக் குடிப்பவரை மனத்தில் வைத்துக் கணக்கிட்டவை; பத்து நாள் பயணிக்கு அவற்றால் வரும் தீங்கு மிகச் சிறிது. கைக்குழந்தை இதற்கு விலக்கு. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். உப்பு குறைந்த குப்பி நீரை வாங்கி, அதையும் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பால்மாவைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுப்பதே பாதுகாப்பான வழி. பால்மாவிலேயே கிருமி இருக்க வாய்ப்புள்ளதால் அந்தச் சூடு தேவைப்படுகிறது.

கருவுற்ற பெண்களின் பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்கள் ஹெபடைட்டிஸ்-ஈ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அசுத்த நீரால் பரவும் இந்த மஞ்சள் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும். இதற்கான தடுப்பூசி பெரும்பாலான நாடுகளில் கிடைப்பதில்லை. ஆகவே நோய் பரவலாக உள்ள நாடுகளுக்கு அந்த மாதங்களில் போவதைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுவது நல்லது. முடியாவிட்டால் கொதித்த நீர் மட்டுமே. ஹெபடைட்டிஸ்-ஏ, டைபாய்டு இரண்டுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. முன்னது மிக உறுதியான பாதுகாப்பைத் தரும். டைபாய்டு ஊசி ஓரளவே காக்கும் என்பதால், அதைப் போட்டுக்கொண்டவரும் நீரில் கவனமாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் வயிற்றுப்போக்கு வரலாம். உணவகத்தின் சமையலறையில் நடப்பதை மேசையில் அமர்ந்திருப்பவர் கட்டுப்படுத்த முடியாது. அப்போது உயிரைக் காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது. கைப்பையில் நான்கைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வைத்துக்கொள்வது எந்த மாத்திரையையும்விடப் பயனுள்ளது. இல்லாதபோது, ஒரு லிட்டர் பாதுகாப்பான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பைக் கூட்டிவிடக்கூடாது, குழந்தைக்கு அது ஆபத்து. மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் வராமல் போதல் ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக விழுங்கக்கூடாது.

பாக்டீரியாவும் வைரஸும் ஆறு மணி நேரம் முதல் மூன்று நாளுக்குள் தங்களைக் காட்டிக்கொள்ளும். ஜியார்டியா அப்படியல்ல, ஒன்று முதல் இரண்டு வாரம் ஓசையின்றி இருந்துவிட்டு, பயணி வீடு திரும்பிப் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் துவைத்து முடித்த பிறகே வயிற்றைப் பிடிக்கும். 1970-களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போய்வந்த அமெரிக்கப் பயணிகள் பலர் சொந்த ஊரில் நோயுற்றபோது, அந்தக் குளிர்நகரின் குழாய் நீரை முதலில் யாரும் சந்தேகிக்கவில்லை. திரும்பிவந்து சில வாரங்களுக்குள் வயிறு உப்பி, நாற்றமடிக்கும் மலம் நாள்கணக்கில் போனால், மருத்துவர் கேட்காவிட்டாலும் எந்த நாட்டுக்கு எந்தத் தேதியில் போனீர்கள், அங்கே என்ன நீர் குடித்தீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். வழக்கமான மலப் பரிசோதனையில் ஜியார்டியா ஒரே மாதிரியில் அகப்படாமல் போகலாம். வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மாதிரிகளைப் பார்க்க வேண்டியிருக்கும், அப்படிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயணத்தைப் பற்றித் தெரிந்தால்தான் மருத்துவருக்கு வரும்.